பன்னிரண்டு புள்ளி மூன்று

நேற்றிரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.
பன்னிரண்டு புள்ளி ஏழு. நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்து.
காலை ஏழு மணிக்கு மீட்டரை வைத்தால்
பன்னிரண்டு புள்ளி மூன்று.

கோரேகாவ் ஃபிலிம் சிட்டி. ஆடி மழை.
மூன்று அறை வேனிட்டி வேன்.
கதவில் ஒட்டும் பெயர் வாரத்துக்கு வாரம் மாறும்,
பின்படிக்கு அடியில் தகரக் கதவுக்குள்
தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும்
இந்த இரண்டு கறுப்புப் பெட்டிகள் மாறாது.

வண்டி கிளம்ப முன்னால் தனியாக ஒரு பேட்டரி,
அது டிரைவர் காட்கேயுடையது, நான் தொடுவதில்லை.
வண்டிக்குள் குடித்தனம் நடத்துவது இவை.
பாதிக்குக் கீழே உறிஞ்சினால் ஈயம் மறக்காது,
தட்டில் வெள்ளையாய்ப் பூத்து
உட்கார்ந்துகொள்ளும்.
பிறகு எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் ஊட்டினாலும்
நிறைந்தது போல நடிக்கும்.
(இந்த வளாகத்தில் அதற்கும் இடமுண்டு.)

ஏதோ ஒன்று இரவெல்லாம் குடித்திருக்கிறது.

கறுப்பு வயரைக் கழற்றினேன்,
மீட்டரை நடுவில் சேர்த்தேன்.
இரண்டரை ஆம்பியர்.
இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபியூஸ் ஏழு. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
தண்ணீர்ப் பம்பு, இரண்டரை.
படிவிளக்கு, இரண்டரை.
கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகள்,
அவற்றைத்தான் சந்தேகப்பட்டேன்,
இரண்டரை.
சட்டைக் கையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
ஏழாவதைப் பிடுங்கியதும்
பூஜ்யம்.

மூன்றாம் அறை விசிறி.
மூன்றாம் அறைத் தாழ்ப்பாள் விழுவதில்லை என்று
இரண்டு மாதம் முன்பே நான்தான் புகார் எழுதியிருந்தேன்.

உள்ளே, தொங்கும் உடைகளுக்குக் கீழே தரையில்,
துவாலையை மடித்துத் தலைக்கு வைத்திருந்த
உஜ்வலா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
முடி அலங்கார உதவியாளர். வீடு நாலாசோப்பாரா.
தண்டவாளத்தில் தண்ணீர், பத்து மணிக்கே ரயில் நின்றுவிட்டது.
"விசிறி ஒரு தடவை நின்று மறுபடி சுற்றியது,
அப்போதே தெரிந்தது, யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று"
என்றாள் இந்தியில், ஊசிகளைப் பொறுக்கியபடி.

மனதில் கணக்குப் போட்டேன், பழக்கம்.
இரண்டரை, ஒன்பது மணி நேரம்.
இருபத்திரண்டரை ஆம்பியர் மணி
ஒருத்தியின் ஓர் இரவுத் தூக்கம்.
நாயகனின் முடி உலர்த்தும் கருவி
பத்து நிமிடத்தில் தின்பது இவ்வளவுதான்.
அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இவள் கைதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
இறங்கிப்போய் மூடிகளைத் திறந்தேன்.
நடு அறையில் நீர் தாழ்ந்து தட்டு தலைகாட்டியது,
தட்டு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டேன்.
முனையில் பச்சையாய்ப் பூத்திருந்ததற்கு
சோடா உப்பு கரைத்த வெந்நீர்.
தேய்க்கப் பழைய பிரஷ் தேடியபோது
பின்னாலிருந்து ஒரு கை நீண்டது,
முடிச்சாயம் பூசும் பிரஷ்,
ஓரத்தில் இன்னும் பர்கண்டி நிறம்.
அவள் குடை பிடித்தாள். நான் தேய்த்தேன்.
உலர்ந்த பிறகு வேசலின் தடவி
நட்டை இறுக்கினேன்.
"குழந்தைக்குத் தடவுவது போல" என்றாள்.
எனக்குக் குழந்தை இல்லை. சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது.
மேலாளர் சாவ்லா நோட்டைப் புரட்டினார்.
எண் இறங்கியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
'மழை' என்று எழுதியிருந்தேன்.
மழை எப்படி பேட்டரியைக் குடிக்கும் என்றார்.
ஈரக்கசிவு சார் என்றேன், முகத்தை மாற்றாமல்.
சரி, இனி இரவில் எல்லா ஃபியூஸையும்
கழற்றிவிட்டுப் போ என்றார்.

இரவு. மழை விடவில்லை.
விரார் பக்கம் ரயில் இல்லை என்று
காட்கேயின் ரேடியோ மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு ஃபியூஸ் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
நோட்டில் பன்னிரண்டு புள்ளி ஏழு என்று எழுதி,
தாராவி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று
குடையைத் தேடினேன்.
குடை அவளிடம் இருந்தது.